ஸ்டாண்டை எங்கே நிறுத்துவது?

கச்சேரியை ஒலிப்பதிவு செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த ரெக்கார்டர் வாங்கலாம்?" என்றுதான். அதற்குப் பதில் சுலபம், இரண்டு பத்தியில் சொல்லிவிடலாம். வாங்கிய ரெக்கார்டரை எங்கே, எந்த உயரத்தில் நிறுத்துவது என்று கேட்கிறவர்கள் குறைவு. பதிவின் தலையெழுத்து அங்கேதான் எழுதப்படுகிறது. பதினைந்தாயிரம் ரூபாய்க் கருவி சரியான இடத்தில் நின்றால், விலை உயர்ந்த மைக் தூணுக்குப் பின்னால் நின்று எடுத்ததைவிட நல்ல பதிவு தரும். கர்நாடக இசைக் கச்சேரியை மனதில் வைத்தே எழுதுகிறேன். கூட்டம் சிறியது, கருவிகள் மென்மையானவை, நேரம் இரண்டரை மணி. சிறிய கருவியால் முழு நியாயம் செய்ய முடிகிற இசை இது.

இன்று நாம் திரும்பத் திரும்பக் கேட்கும் பழைய கச்சேரிகளில் பெரும்பங்கு இரண்டு வழியாக நம்மிடம் வந்தது. ஒன்று அகில இந்திய வானொலி. மற்றது, கனத்த ஸ்பூல் டேப் ரெக்கார்டரைச் சபாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போன ரசிகர்கள். கடையில் விற்ற 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்தை ஒட்டித்தான் இடம். விஸ்தாரமான ஆலாபனையும், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனமும் அதில் எப்படி அடங்கும்? டேப்பை ஓட விட்ட ரசிகர் இல்லையென்றால் அவை காற்றோடு போயிருக்கும்.

அனுமதி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகிற கலைஞருக்குத் தனி உரிமை தருகிறது. அது 50 ஆண்டு நிற்கும். அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு, எடுக்கிறவரின் சொந்தப் பயனுக்கும், நேர்மையான கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் எடுக்கும் பதிவை மீறலாகக் கருதுவதில்லை. யூடியூபில் ஏற்றுவது சொந்தப் பயன் ஆகாது. மண்டபத்தின் விதி வேறு விஷயம். டிசம்பர் சீசனில் பெரிய சபாக்களில் ரசிகர்கள் பதிவு செய்யக் கூடாது என்றிருக்கும். அங்கே மடியில் ஒளித்து வைத்து எடுக்க வேண்டாம். அப்படி எடுத்தது கேட்கவும் நன்றாக இருக்காது. வீட்டுக் கச்சேரி, கோயில் நவராத்திரிக் கச்சேரி, பஜனை மடம், மாணவர் அரங்கேற்றம் போன்ற இடங்களில் நம்மை வரவேற்கிறார்கள். அங்கும் பிரதானக் கலைஞரிடம் நேரில் கேட்க வேண்டும். "உங்களுக்கு ஒரு காப்பி கொடுத்துடறேன் சார், நீங்க சொல்லாம எங்கேயும் போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அதைக் காப்பாற்றினால், அடுத்த கச்சேரிக்கு அவரே கூப்பிடுவார். பக்கவாத்தியக் கலைஞர்களையும் கேளுங்கள், உரிமை அவர்களுக்கும் உண்டு.

கருவி

பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் ஸ்டீரியோ கையடக்க ரெக்கார்டர் கிடைக்கிறது. ஜூம் எச்1என், அதன் பின் 2024ல் வந்த எச்1எசென்ஷியல், டாஸ்காம் டிஆர்-05எக்ஸ் ஆகியவை இந்த வகை. ஜூமில் இரண்டு மைக்கும் 90 டிகிரியில் குறுக்காக நிற்கும். முன்னால் இருப்பதை அதிகமாகவும் பின்னால் இருப்பதைக் குறைவாகவும் பிடிக்கும். டிஆர்-05எக்ஸின் மைக்குகள் எல்லாத் திசையையும் ஒன்றுபோல் கேட்கும். சத்தமான மண்டபத்துக்கு முதல் வகை. அமைதியான வீட்டுக் கூடத்தில் இரண்டாவது வகை, மிருதங்கத்தின் இடப் பக்கமான தொப்பியின் ஆழ்ந்த அடி ஒலியை அழகாகத் தரும். சந்தேகமாக இருந்தால் முதல் வகையே வாங்குங்கள், நம் ஊர் மண்டபங்கள் அமைதியானவை அல்ல.

இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடியுமென்றால் டிஆர்-40எக்ஸ் போன்ற நான்கு டிராக் கருவி. சொந்த மைக் இரண்டும், மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்சரிலிருந்து வரும் லைன் இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே கருவியில் பதிவாகும். அதன் அருமை மிக்சர் பற்றிச் சொல்லும்போது புரியும். கைப்பேசி மட்டும்தான் இருக்கிறதென்றால் அதிலும் எடுக்கலாம். தானாக ஒலி அளவை ஏற்றி இறக்கும் வசதியை அணைக்க முடிகிற ஒரு செயலியைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

மீதிப் பணத்தை ஸ்டாண்டில் போடுங்கள். மைக் ஸ்டாண்டைவிட, போட்டோகிராபர்கள் விளக்கு மாட்டும் லைட் ஸ்டாண்ட் நமக்கு வசதி. ஏழடி வரை ஏறும், மடித்தால் தோள்பையில் அடங்கும், விலையும் குறைவு. மேலே இருக்கும் கால் அங்குலத் திருகில் கையடக்க ரெக்கார்டர் நேரே உட்காரும். மைக் ஸ்டாண்டின் திருகு பெரியது, அதற்கு அடாப்டர் வேண்டும். ஏழடிக்கு ஏற்றிய ஸ்டாண்ட் மெலிந்த காலில் நிற்கிறது என்பதை மறக்கக் கூடாது. குழந்தைகள் ஓடும் கூடத்தில் அதன் அடியில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் துணிப்பையில் போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள். இவற்றோடு காதை முழுதும் மூடும் ஹெட்போன் ஒன்று, தரையில் ஒயர் ஒட்டத் துணி டேப் ஒரு சுருள். மின்சார இன்சுலேஷன் டேப் வேண்டாம், பசை விட்டுப்போகும், மண்டபக்காரர் அடுத்த முறை உள்ளே விடமாட்டார்.

மைக் இல்லாத கச்சேரி

ஜமக்காளம் விரித்து, நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்து, மைக் இல்லாமல் நடக்கும் வீட்டுக் கச்சேரிதான் பதிவுக்கு மிக உகந்தது. நடுவில் ஒலிபெருக்கி இல்லை, குரலும் வில்லும் தோலும் நேரே மைக்குக்கு வருகின்றன.

பாடகருக்கு நேர் முன்னால் ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் தூரம். தரையில் அமர்ந்து பாடுகிறவரின் வாய் தரையிலிருந்து சுமார் முக்கால் மீட்டர் உயரத்தில் இருக்கும். மைக்கை 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில் நிறுத்தி, பாடகரின் மார்பைப் பார்த்துச் சாயுங்கள். அதற்குக் கீழே இறக்கினால் மிருதங்கம் நேராக அடிக்கும், முன்வரிசைத் தலைகளும் மறைக்கும். மேலே ஏற்றினால் தாழ்வான கான்கிரீட் கூரையில் பட்டுத் திரும்பும் ஒலி கலந்து, குரல் தகர டப்பாவுக்குள் கேட்பது போல ஆகும்.

பெரும்பாலான வீட்டுக் கச்சேரிப் பதிவுகளில் ஒரே குறை, மிருதங்கம் தூக்கலாக இருப்பது. காரணம் வாசிக்கிறவர் அல்ல. மிருதங்கத்தின் வலப் பக்கமான வலந்தலை சபையைப் பார்த்து இருக்கும், "நம்" என்ற கூர்மையான சொல் நேரே நம் மைக்கை நோக்கி வருகிறது. குரல் நாலாபக்கமும் பரவுகிறது. வாசிப்பைக் குறைக்கச் சொல்வது அபசாரம், ஸ்டாண்டை நகர்த்துங்கள். வயலின் பக்கமாக ஓரடி, பாடகரை நோக்கி அரையடி. இவ்வளவே போதும், வித்தியாசம் உடனே தெரியும். அதிகம் நகர்த்தினால் ஸ்டீரியோவில் பாடகர் ஓரத்துக்குப் போய்விடுவார்.

கலைஞர்கள் சுருதி சேர்த்துக்கொண்டு இரண்டு வரி பாடிப் பார்ப்பார்கள் இல்லையா, அந்த ஐந்து நிமிடம்தான் உங்கள் பரீட்சை நேரம். ஹெட்போனில் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். சாகித்யத்தின் எழுத்துகள் புரிகின்றனவா? பாடகர் விட்ட இடத்தை வயலின் எடுக்கும்போது ஒலி அளவு சட்டென விழுகிறதா? தம்புரா பின்னால் இருக்கிறதா, முன்னால் வந்து நிற்கிறதா? மின்னணு சுருதிப்பெட்டியைப் பாடகர் மடிக்கு முன்னால் வைத்திருந்தால் அது முழுப் பதிவிலும் குரலுக்கு முன்னால் ரீங்கரிக்கும். "கொஞ்சம் பின்னால வச்சுக்கலாமா?" என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. பலகை மேடையாக இருந்தால் பெட்டிக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள், பலகை சேர்ந்து அதிராது.

தாளம் போடும் கைகளும் நம் கவலைதான். முன்வரிசையில் ரசிகர் ஒருவர் தொடையில் தட்டும் ஆதிதாளம், காதால் கேட்கும்போது இசையோடு போய்விடும். மைக் அதை மன்னிக்காது. ஸ்டாண்டின் கால்களுக்கு அருகே யாரும் உட்காராதபடி ஓரடி இடம் விடச் சொல்லுங்கள். தரை வழியே வரும் அதிர்வுக்கு மூன்று கால்களின் கீழும் மடித்த துண்டு அல்லது தடித்த ரப்பர்.

அடுத்தது மின்விசிறி. நம் ஊரில் அதை நிறுத்தச் சொல்ல முடியாது. கூரை விசிறியின் நேர் கீழே மைக் நின்றால் காற்று அதன் மேல் இறங்கி, அடியில் ஒரு "தப்தப்" ஓடிக்கொண்டே இருக்கும். பின்னால் அதை எடுக்கவே முடியாது. இரண்டு விசிறிக்கு நடுவில் ஸ்டாண்டை நிறுத்துங்கள். மூடிய கூடமாக இருந்தாலும் பஞ்சு உறையை மாட்டியே வையுங்கள்.

மைக்செட் உள்ள மண்டபம்

ஒலிபெருக்கி வந்துவிட்டால் நாம் பதிவு செய்வது பாடகரை அல்ல, பெட்டிகளை. இதை ஒப்புக்கொண்டால்தான் இடம் தேட முடியும். சிறு மண்டபங்களில் இடப் பெட்டியிலும் வலப் பெட்டியிலும் வருவது ஒரே ஒலி. நடுக்கோட்டில் நின்றால் இரண்டும் ஒன்றாக வந்து சேரும். நடுக்கோட்டை விட்டு விலகினால் ஒரு பெட்டியின் ஒலி முந்தும். தூர வித்தியாசம் 34 சென்டிமீட்டர் ஆனாலே, பிந்துவது ஒரு மில்லி விநாடி. அப்போது 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும், அதற்கு மேல் 1500, 2500 என்று வரிசையாகப் பள்ளம் விழும். பாடகரின் நடு ஸ்தாயி சத்து இழந்து கேட்பதற்கு, "மூக்கால் பாடுவது போல இருக்கிறதே" என்று தோன்றுவதற்கு, பல நேரம் இதுவே காரணம். ஆகவே நடுக்கோட்டில், மூன்றாவது நான்காவது வரிசையில், தலைகளுக்கு மேலே, தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில். நடுவில் நடைபாதை இருந்தால் அதன் ஓரம் அருமையான இடம், பின்னால் இருப்பவருக்கும் மறைக்காது. நடுவே கிடைக்காதென்றால் பாதி வழியில் நிற்காமல் ஒரு பெட்டியின் பக்கம் நன்றாக நெருங்கிவிடுங்கள். மற்றப் பெட்டியின் பங்கு குறைந்து, பள்ளங்கள் ஆழமிழக்கும்.

ஒலிபெருக்கியை மிதமாக வைத்திருக்கும் சிறு மேடையில் எனக்குப் பிடித்தது மேடை விளிம்புதான். வயலினும் கடமும் கஞ்சிராவும் நேராகவே வரும், பெட்டிகள் நமக்குப் பின்னால் போய்விடும். கலைஞர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள மேடையில் வைக்கும் மானிட்டர் பெட்டியின் முதுகுக்கு நேரே மட்டும் நிற்காதீர்கள், அங்கே அடி ஒலி மட்டும் குழம்பாக வரும்.

கோயில் கல்மண்டபத்தில் ஒலி தூண் தூணாக மோதிக்கொண்டு நெடுநேரம் நிற்கும். அங்கே ஒரே மருந்து கிட்டப் போவது. ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். ஸ்டீரியோ விரிவு குறையும், பரவாயில்லை, சொல் புரியும்.

நாகஸ்வரமும் தவிலும்

இங்கே கணக்கு தலைகீழ், தள்ளித்தான் நிற்க வேண்டும். எச்1என் தாங்கும் உச்ச ஒலி அழுத்தம் 120 டெசிபல். தவிலுக்குப் பக்கத்தில் நீட்டினால் மைக்குக்குள்ளேயே ஒலி நசுங்கும். பதிவளவைக் குறைத்தாலும் அது சரியாகாது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது ஆறு டெசிபல் குறையும். நான்கைந்து மீட்டர் தள்ளி, நாகஸ்வரத்தின் அணசு பார்க்கும் திசைக்கு நேரே இல்லாமல், ஒரு பக்கமாக நில்லுங்கள். நேரே நின்றால் சீவாளியின் கூர்மை மட்டும் காதைக் குத்தும், பக்கவாட்டில் நின்றால் குழலின் உடல் ஒலி வரும். புறப்பாட்டில் காற்று இருக்கும், பஞ்சு உறை போதாது. பொம்மை தைக்கும் நீளமான செயற்கை ரோமத் துணியைப் பஞ்சு உறை மேல் பை போலத் தைத்து மாட்டுங்கள். கடையில் விற்பதும் கிட்டத்தட்ட இதேதான்.

அளவு வைத்தல்

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வாவ் கோப்பு. இதற்கு மேல் 96க்குப் போனால் மெமரி அட்டை இரண்டு மடங்கு நிறையும், விசிறி ஓடும் கூடத்தில் அதனால் ஒரு லாபமும் இல்லை. எம்பி3யில் எடுக்காதீர்கள், தம்புராவின் மேல் ஸ்வரங்கள் போன்ற மெல்லிய ஒலிகள்தான் முதலில் மங்கும்.

தானியங்கி ஒலி அளவை அணையுங்கள். அது இயங்கினால் என்ன ஆகும் என்பதைக் காதால் ஒரு முறை கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். பாடகர் ஆலாபனையில் ஒரு கார்வையை விட்டு மூச்சு எடுக்கிறார். அந்த மௌனத்தில் தம்புரா மெல்ல வீங்கி மேலே வருகிறது, அடுத்த பிடி தொடங்கியதும் சட்டென உள்ளே போகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் இப்படி. நிரவலில் மிருதங்கம் ஒரு "தோம்" போட்டால் குரல் ஒரு கணம் குழிக்குள் விழுந்து எழுகிறது. எந்த மென்பொருளாலும் அதைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது.

கையால் வைக்கும்போது, கச்சேரி தொடங்கும் வர்ணத்தில் மீட்டரின் உச்சம் மைனஸ் 18 டெசிபலுக்கும் மைனஸ் 15க்கும் நடுவில் நிற்கட்டும். குறைவாகத் தோன்றும், தைரியமாக விடுங்கள். இரண்டாவது உருப்படிக்குள் மேடையிலிருந்து "கொஞ்சம் வால்யூம் ஏத்துங்க" என்று கை காட்டுவார்கள், மூன்று நான்கு டெசிபல் அங்கே போகும். தனி ஆவர்த்தனத்தின் கோர்வை அதற்கு மேலே ஆறு எட்டு டெசிபல் ஏறும். அது முடிந்ததும் பக்கத்து வரிசையில் எழும் கைதட்டல்தான் பல பதிவுகளில் எல்லாவற்றையும் விட உயர்ந்த முகடு. 24 பிட்டில் இவ்வளவு இடம் விட்டாலும் கருவியின் இரைச்சல் மேலே வராது, மண்டபத்தின் இரைச்சல் அதைவிட எவ்வளவோ உயரத்தில் இருக்கிறது.

எச்1எசென்ஷியல் போன்றவற்றில் இருக்கும் 32 பிட் ஃப்ளோட் முறையில் அளவு வைக்கும் கவலையே இல்லை. நல்ல வசதிதான். ஆனால் மைக் தாங்கும் எல்லையை அது உயர்த்தாது, தவறான இடத்தையும் அது திருத்தாது.

கருவியில் அடி ஒலியை வெட்டும் லோ கட் பொத்தானைக் கூடத்துக்குள் தொடாதீர்கள். ஒரு கட்டைச் (மேற்கத்திய சி) சுருதியில் பாடும் ஆண் குரலின் ஆதார ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ், மந்திர பஞ்சமம் 98. தொப்பி அதற்கும் கீழே போகும். 120ல் வெட்டினால் மந்திர ஸ்தாயியின் அடியையே வெட்டியதாகும். வேண்டுமானால் பிறகு வீட்டில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் எடுக்கலாம்.

மிக்சரிலிருந்து ஒரு லைன்

மைக்செட்காரரிடம் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ப் பேச வேண்டும். கச்சேரி தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒயரோடு போய் நின்றால் அவர் கோபப்படுவது நியாயம். "அண்ணே, ரெக் அவுட் ஃப்ரீயா இருக்கா?" என்று கேளுங்கள். பதிவுக்கென்றே விட்ட வெளியீடு அது, சிறு மிக்சர்கள் பலவற்றில் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ துளைகளாக இருக்கும். நம் ரெக்கார்டருக்கு ஏற்ற மென்மையான அளவில் வரும், ஆர்சிஏ முதல் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ ஒயர் ஒன்று போதும்.

அது இல்லையென்றால் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஒலிபெருக்கிக்குப் போகும் மெயின் அவுட்டின் தொழில்முறை அளவு, வீட்டுக் கருவிகளின் அளவைவிடச் சுமார் 12 டெசிபல் அதிகம். மைக் துளையில் அதைச் செருகினால் ஒலி கரகரக்கும். ரெக்கார்டரில் அளவைக் குறைத்தாலும் கரகரப்பு போகவில்லை என்றால் உள்வாயிலிலேயே நசுங்குகிறது என்று பொருள், மிக்சர் பக்கம்தான் குறைக்க வேண்டும். அல்லது நடுவில் ஒலியைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் ஒயர் போட வேண்டும். ரெக்கார்டர் மைக்குகளுக்கு அனுப்பும் 48 வோல்ட் பேன்டம் மின்சாரத்தை அணைத்த பிறகே எக்ஸ்எல்ஆர் ஒயரை மிக்சரில் செருகுங்கள்.

ஹெட்போன் துளையிலிருந்து எடுக்கலாமா? கடைசி வழியாக மட்டும். மைக்செட்காரர் வயலினை மட்டும் கேட்டுப் பார்க்கப் பிஎஃப்எல் பொத்தானை அழுத்தினால், அந்த நேரம் முழுக்க உங்கள் பதிவில் வயலின் மட்டும்தான் இருக்கும்.

இன்னொரு பொறி, பலரும் விழுவது. மிக்சரின் பேலன்ஸ்டு மோனோ வெளியீட்டைச் சாதாரண ஸ்டீரியோ ஒயரால் ரெக்கார்டரில் செருகுவது. செருகியின் முனையில் வரும் அலை இடப் பக்கமும், வளையத்தில் வரும் அதே அலையின் தலைகீழ் வடிவம் வலப் பக்கமும் பதிவாகும். மீட்டர் இரண்டும் அழகாக ஆடும். ஹெட்போனில் குரல் தலைக்கு நடுவில் நிற்காமல் காதுக்கு வெளியே எங்கோ மிதப்பது போல இருக்கும், அவசரத்தில் "நல்ல ஸ்டீரியோ" என்றுகூடத் தோன்றும். அந்தக் கோப்பை ஒற்றை ஸ்பீக்கர் உள்ள கைப்பேசியில் போட்டால் இரண்டும் கூடிச் சுழியாகி, பாட்டு மறைந்து வெறும் இரைச்சல் மிஞ்சும். கெட்டுப்போகவில்லை, பயப்பட வேண்டாம். ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் ஸ்டீரியோ டிராக்கைப் பிரித்து, ஒரு பக்கத்தை நீக்கிவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொண்டால் பாட்டு முழுதாக இருக்கும்.

மிக்சர் லைன் மட்டும் போதுமா என்றால், போதாது. மண்டபத்தில் இயல்பாகவே சத்தமாகக் கேட்கும் வாத்தியத்துக்கு மைக்செட்காரர் குறைவாகத்தான் ஏற்றுவார். அதனால் லைனில் குரல் முகத்துக்கு நேரே வறண்டு நிற்கும், மிருதங்கம் எங்கோ தூரத்தில், கைதட்டல் அறவே இல்லாமல். அதோடு மண்டப மைக்கைக் கலக்க வேண்டும். லைனை அடிப்படையாக வைத்து, மண்டபத்தை அதற்குக் கீழே ஆறு முதல் பத்து டெசிபலில் சேர்த்தால் மூச்சு வரும்.

கலக்கும்போது நேரத்தைச் சரிசெய்ய வேண்டும். ஒலி பத்து மீட்டர் கடக்கச் சுமார் 29 மில்லி விநாடி எடுக்கும், மின்சாரம் உடனே வந்துவிடும். அப்படியே சேர்த்தால் ஒவ்வொரு மிருதங்கச் சொல்லும் இரண்டாகக் கேட்கும். தனியாக விழும் ஒரு "நம்"மைக் கண்டுபிடித்து, அலையைப் பெரிதாக்கிப் பார்த்து, மண்டப டிராக்கை முன்னே இழுத்து இரண்டு முனைகளையும் சேருங்கள். நான்கு டிராக் கருவியில் வேலை இத்தோடு முடிந்தது. லைனுக்கு ஒரு ரெக்கார்டர், மண்டபத்துக்கு ஒரு ரெக்கார்டர் என்று தனித்தனியாக எடுத்திருந்தால் முடியவில்லை. இரண்டின் கடிகாரமும் பத்து லட்சத்தில் 20 பங்கு மாறினாலே, இரண்டரை மணி நேரமான 9,000 விநாடியில் 0.18 விநாடி விலகிவிடும். வர்ணத்தில் ஒட்டிப் போனது மங்களத்தில் எதிரொலியாக நிற்கும். ஒவ்வொரு உருப்படிக்கும் முன் உள்ள இடைவெளியில் வெட்டி, உருப்படிதோறும் மறுபடி சேர்ப்பதே எளிய வழி. பத்து நிமிடக் கீர்த்தனைக்குள் விலகல் 12 மில்லி விநாடிதான். அரை மணி நேரம் போகும் பிரதான உருப்படியை மட்டும் நடுவில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

லைன் செருகியதும் "ம்ம்ம்" என்று உறுமல் வந்தால் முதலில் ரெக்கார்டரின் சார்ஜரைப் பிடுங்குங்கள். பெரும்பாலும் அதோடு போய்விடும். ரெக்கார்டர் பேட்டரியிலோ பவர் பேங்கிலோ ஓட வேண்டும். அப்படியும் உறுமல் போகவில்லை என்றால், இரண்டு கருவிக்கும் நடுவே மின் தொடர்பைத் துண்டிக்கும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பெட்டி அல்லது ஐசொலேட்டர். வீட்டில் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். உறுமல் 50, 100, 150 ஹெர்ட்ஸில் நிற்கிறது. ஒரு கட்டைப் பாடகரின் மந்திர பஞ்சமம் 98. உறுமலை வெட்டும் கத்தி பஞ்சமத்தையும் வெட்டும்.

பேட்டரி, அட்டை

அட்டையைக் கணினியில் அல்ல, ரெக்கார்டரிலேயே ஃபார்மட் செய்யுங்கள். புது அட்டை வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுதும் எழுதிப் படித்துப் பாருங்கள், போலி அட்டைகள் கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும். 24 பிட் 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ மணிக்கு ஒரு ஜிபிக்குச் சற்று மேல். பல கருவிகள் கோப்பு 2 ஜிபி ஆனதும் புதிய கோப்புக்குத் தாவும், அது ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் வரும். இரண்டரை மணிக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் நடப்பது அந்த நேரத்தை ஒட்டித்தான். உங்கள் கருவி இடைவெளி இல்லாமல் தாவுகிறதா என்று வீட்டில் ஒரு முறை ஓட விட்டுச் சோதியுங்கள். சந்தேகம் இருந்தால் பிரதான உருப்படிக்கு முன் கைதட்டலில் நிறுத்தி மறுபடி தொடங்கிவிடுங்கள்.

ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட். கருவியின் மெனுவில் பேட்டரி வகையை மாற்றாவிட்டால் பாதியிலேயே தீர்ந்ததாகக் காட்டும். சிவப்பு விளக்கு எரிகிறதா, நிமிட எண் ஓடுகிறதா என்று இரண்டையும் பார்த்துவிட்டு, பொத்தான் பூட்டைத் தள்ளுங்கள். முதல் அழுத்தலில் வெறும் காத்திருப்பு நிலைக்குப் போகும் கருவிகளில் விளக்கு மின்னும், பதிவு ஓடாது. உங்கள் கைப்பேசியை ஃப்ளைட் மோடில் போட்டு ஒயரிலிருந்து தள்ளி வையுங்கள்.

நடுவில் மின்சாரம் போய் அல்லது பேட்டரி கழன்று கோப்பு திறக்கவில்லை என்றால், அந்த அட்டையில் வேறு எதையும் எழுதாதீர்கள். பெரும்பாலும் ஒலி உள்ளே இருக்கும், கோப்பின் தலைப்பகுதி மட்டும் முடிக்கப்படாமல் நிற்கும். ஆடாசிட்டியில் ரா டேட்டாவாக இறக்குமதி செய்து 24 பிட், லிட்டில் எண்டியன், ஸ்டீரியோ, 48000 என்று கொடுங்கள். வெறும் இரைச்சலாக வந்தால் ஆஃப்செட் எண்ணை 0, 1, 2 என்று 5 வரை மாற்றிப் பாருங்கள். சரியான எண்ணில் பாட்டு தெளிந்து வரும். இடமும் வலமும் மாறி வந்தால் அந்த எண்ணிலிருந்து மூன்று கூட்டவோ கழிக்கவோ வேண்டும். கோப்பு 0 கேபி என்று காட்டினால் முதலில் மீட்பு மென்பொருளால் கோப்பை வெளியே எடுத்துவிட்டுத்தான் இந்த வேலை.

வீட்டுக்கு வந்த பிறகு

குறைவாகச் செய்யுங்கள். முதலில் மூல வாவ் கோப்பை இரண்டு இடத்தில் படி எடுத்து வையுங்கள், அதைத் தொடக் கூடாது. வேலைப் பிரதியில் கைதட்டல்களை மட்டும் கையால் ஆறு முதல் பத்து டெசிபல் இறக்குங்கள். அதன் பின் முழுப் பதிவையும் ஒரே அளவில் உயர்த்தி உச்சத்தை மைனஸ் 1ல் நிறுத்துங்கள். உருப்படிக்கு உருப்படி தனித்தனியாக உயர்த்தினால் வர்ணமும் தனி ஆவர்த்தனமும் ஒரே சத்தத்தில் நின்று, கச்சேரியின் ஏற்றம் தட்டையாகிவிடும்.

விசிறி இரைச்சலைக் குறைக்க நாய்ஸ் ரிடக்ஷன் போடுகிறவர்கள், பாட்டுக்கு நடுவில் உள்ள அமைதியை மாதிரியாகக் கொடுக்கிறார்கள். அந்த அமைதியில் தம்புரா இருக்கிறது. மென்பொருள் சுருதியையே இரைச்சல் என்று கற்றுக்கொண்டு, குரலின் ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் சுரண்டிவிடும். சுருதிப்பெட்டி போடுவதற்கு முன், விசிறி மட்டும் ஓடும் கூடத்தை 30 விநாடி பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் சரியான மாதிரி. குறைப்பதும் ஆறு டெசிபலுக்கு மேல் வேண்டாம்.

சேமிக்க ஃப்ளாக் என்ற கோப்பு வடிவம். ஒரு துளி இழப்பில்லாமல் கோப்பு கணிசமாகச் சிறுக்கும். கோப்பின் பெயரைத் தேதியில் தொடங்குங்கள்: ஆண்டு, மாதம், நாள், இடம், பிரதானக் கலைஞர். கூடவே ஒரு உரைக் கோப்பில் பக்கவாத்தியக் கலைஞர்கள் எல்லோர் பெயரும், ஒவ்வொரு உருப்படியின் ராகம், தாளம், இயற்றியவர், தொடங்கும் நிமிடம். பழைய டேப்புகளில் அரிய வாசிப்பு இருக்கும், வயலின் யார் என்று யாருக்கும் தெரியாது. மிருதங்கம் யார் என்று நடையை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கும். அந்தப் பெயர்களை அன்றிரவே எழுதிவிட வேண்டும். ராகம் தெரியாத உருப்படி இருந்தால் இடம் விட்டு வைத்து, காப்பி கொடுக்கப் போகும்போது பாடியவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.